கோளாறு வந்தா கூப்பிடுங்க

சாயங்காலம் ஐந்தரை ஆனால் அந்த வேன் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் வந்துவிடும். வேனுக்கு முன்னால் மதிவாணனின் குரல் வரும்.

“அன்பார்ந்த பாலோ வட்டாரப் பொதுமக்களே! தாய்மார்களே! மாசக் கட்டணம் இல்ல, ஒப்பந்தம் இல்ல, பில்லு இல்ல! ஒரே ஒரு டிஷ்ஷு மாட்டுனா போதும், வானத்துலேர்ந்து நேரா உங்க வீட்டு ஹாலுக்கு வருது இலவச டிவி! தமிழ் நியூஸ், தமிழ்ப் படம், புள்ளைங்களுக்குப் படிப்பு, எல்லாமே சும்மா!”

கணீரென்ற குரல். வேனின் கூரையில் கட்டிய இரண்டு ஒலிபெருக்கிகளும் அலற, ஒட்டி ஒட்டிக் கட்டிய எங்கள் வீடுகளின் ஜன்னல் கண்ணாடிகள் அதிரும். கடைசியில் குரல் தணிந்து, சொந்தக்காரனிடம் பேசுவதுபோல் வரும்.

“கோளாறு வந்தா கவலப்படாதீங்க. கோயில் மைக்கு மதிவாணன் நான் இருக்கேன். கூப்பிடுங்க, வந்து பாத்துத் தர்றேன்.” பிறகு போன் நம்பர். இரண்டு முறை, நிறுத்தி, நிதானமாக.

அந்த மதிவாணன் என் பக்கத்து வீட்டு ஹாலில் மெத்தையில் கிடக்கிறான். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து முப்பத்தெட்டு நாளாகிறது. இந்த முப்பத்தெட்டு நாளில் அவன் ஒரு முழு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் தம்ளரைப் பார்ப்பான். திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் மனைவியைப் பார்ப்பான். வேன் மட்டும் தினமும் வாசலோடு வந்து அவன் குரலில் பேசிவிட்டுப் போகும்.

வேன் முக்குத் திரும்பிய கையோடு அவன் தலைமாட்டில் இருக்கும் போன் அடிக்கும்.

இந்த வேனை விடுகிற கம்பெனிக்காரனை மதிவாணன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவனே நான்தான்.

என் பெயர் ராஜசேகரன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். எங்கள் தாமான் மாரியம்மன் கோயிலுக்கு நான் செயலாளர், மைக் செட்டு இருக்கும் அறையின் சாவி என்னிடம்தான். அந்த மைக்கில் பதினெட்டு வருஷமாகப் பேசியவன் மதிவாணன். பகலெல்லாம் செம்பனை எண்ணெய் ஆலையின் எடை மேடையில் லோரிகளை நிறுத்துப் போடுகிற வேலை. திருவிழா மூன்று நாளும் மட்டும் அவன் ராஜா. எந்தக் காவடி முதலில், எந்தப் பந்தலில் மோர், யாருடைய மோட்டார் சைக்கிள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, பச்சைச் சட்டை போட்ட குழந்தை எந்த மேசையடியில் அழுகிறது, எல்லாம் அவன் வாயால் வந்தால்தான் ஜனம் கேட்கும். சுற்று வட்டாரத் தோட்டங்களில் அந்தக் குரலைத் தெரியாத தமிழன் கிடையாது.

இது ஜொகூர் பாருவிலிருந்து வந்த சுகுமாறனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. முப்பது வயதுக்காரன், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, எப்போதும் கையில் பெயர் அட்டை. இலவச டிவியை ஜனங்களிடம் பரப்புகிற வேலையைக் குத்தகைக்கு எடுத்த விளம்பரக் கம்பெனியின் மேனேஜர். அவன் முதலில் மலாய்க் குரல் ஒன்றைப் போட்டு வேனை ஓட்டினான், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. “எங்காளு ஒருத்தன் இருக்கான் சார்” என்று நான்தான் பல்லைக் காட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். கோயில் மண்டபத்துக்கு ஒரு பெரிய டிவி தருவதாக அவன் ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

கோயில் அறையிலேயே பதிவு செய்தார்கள். எழுதிக் கொடுத்ததை மதிவாணன் ஒரே மூச்சில் வாசித்தான். வாசித்து முடித்தவன் நிறுத்தவில்லை. திருவிழா அறிவிப்பு எதுவானாலும் கடைசியில் “மேல் விவரங்களுக்கு” என்று பொறுப்பாளரின் பெயரும் போன் நம்பரும் சொல்லித்தான் அவன் முடிப்பான். பெயரும் நம்பரும் இல்லாத அறிவிப்பு மொட்டைக் கடுதாசி மாதிரி என்பான். அந்தப் பழக்கத்தில் தன் பெயரையும் தன் நம்பரையும் சொல்லிவிட்டான். கோளாறு வந்தால் வந்து பார்க்கிறேன் என்றும் சேர்த்துவிட்டான். அவனுக்குத் தெரிந்த பொறுப்பாளர் அந்த அறையில் அவன் ஒருத்தன்தான்.

நான் அழித்துவிட்டுத் திரும்பப் பேசச் சொன்னேன். சுகுமாறன் கையைத் தட்டினான். “வேண்டாம் வேண்டாம், இதுதான் சூப்பர்! நம்ம ஆளு பேசறாருன்னு ஒரு ட்ரஸ்ட் வருது பாருங்க!” என்றான். ஒரு டீ சட்டையும் ஒரு டிஷ்ஷும் மதிவாணனுக்குக் கிடைத்தன.

வேன் ஓட ஆரம்பித்த வாரத்திலேயே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

டிஷ் என்பது பெரிய வித்தையில்லைதான். ஆனால் ஒரு விரல் அகலம் நகர்ந்தால் படம் போய்விடும். மேற்குப் பக்கம் சாய்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தத் தட்டில் செம்பனைச் சருகு விழும், பறவை உட்காரும், நவம்பர் மழையில் கம்பி இளகும். கம்பெனிப் பையன்கள் இரண்டு திருகாணியை முடுக்கிவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பார்கள். கம்பெனி நம்பரில் போட்டால் ஒரு பெண் இங்கிலீஷில் காத்திருக்கச் சொல்வாள். மதிவாணன் நம்பரில் போட்டால் மதிவாணன் வருவான்.

வேலை முடிந்து குளித்த ஈரத்தோடு மோட்டாரில் ஏணியைக் கட்டிக்கொண்டு கிளம்புவான். கூரை மேல் இவன் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, வீட்டுக்குள்ளிருந்து ஒரு ஆள் திரையில் ஓடும் எண்ணைப் பார்த்துக் கத்த வேண்டும். “நாப்பது! அம்பது! போச்சு, போச்சு! திரும்பக் கொண்டாங்க!” எண்பதைத் தொட்டால் திருகாணியை இறுக்குவான். இறங்கி வந்து ஒரு கோப்பை மிலோ குடிப்பான். காசு கொடுத்தால் வாங்க மாட்டான்.

“ஏன்டா மதி, நீ என்ன அவனுங்க வேலைக்காரனா?” என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

“அண்ணே, என் வாயால சொன்னேன்ல. சொல்லிட்டு எப்படிண்ணே போகாம இருக்கிறது?” என்றான்.

சுகுமாறனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். கம்பெனிக்கு வந்த புகார்களை அவனே மதிவாணனுக்குத் தட்டிவிடுவான். “மதி அண்ணா, ஒரு வீடு மட்டும் பாத்துடுங்க, ப்ளீஸ்” என்று அவன் அனுப்பிய செய்திகள் அந்தப் போனில் நாற்பதுக்கு மேல் கிடக்கின்றன. ஒரு தொப்பி, ஒரு கயிறு, ஒரு கையுறை கொடுத்தானா? இல்லை.

அவன் விழுந்தது பழைய தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், மலர் வீட்டில். மலர் தனியாக இருக்கிற பொம்பளை, நாற்றங்காலில் மதிவாணனின் மனைவி பிரேமலாவோடு பைகளில் மண் நிரப்புகிறவள். அவள் கம்பெனிக்குச் சொன்ன புகாரைத்தான் சுகுமாறன் அன்றைக்கு இவனுக்குத் தட்டிவிட்டிருந்தான். மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை நாற்பது வருஷப் பழசு, பாசி பிடித்திருந்தது. மலர் உள்ளே டிவி முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தாள். “எழுவத்தஞ்சு! எழுவத்தெட்டு! எம்பத்தி ரெண்டு, போதும்ணே, போதும்!” என்றாளாம். அந்த ‘போதும்’ வாயிலிருந்து வந்து முடிவதற்குள் கூரையோடு சேர்ந்து அவன் அவள் காலடியில் விழுந்தான்.

டிஷ் மாட்டிய சுவர் அசையவில்லை, டிவியில் படம் கண்ணாடி மாதிரி தெரிந்ததாம். மலர் என்னிடம் சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இன்றைக்கு வரைக்கும் அவள் வீட்டில்தான் படம் ஆடாமல் வருகிறது. அவள் அதைப் போடுவதில்லை.

*

முப்பத்தெட்டாவது நாள் நான் போனபோது பிரேமலா அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் பொடித்துக் கஞ்சியில் கலந்திருந்தாள். நாற்றங்காலிலிருந்து நேராக வந்திருந்ததால் நகக்கண்ணெல்லாம் கறுப்பு மண். மகள் லோஷினி, பதினேழு வயது, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் அப்போதுதான் போயிருந்தது.

போன் அடித்தது. லோஷினி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஹலோ, மதிவாணனா? என்னா லா நீங்க, நாலு நாளா கூப்பிடறேன், எடுக்க மாட்றீங்க! டிவில ஒன்னுமே வரல. வேன்ல மட்டும் நல்லா வாய் கிழிய பேசறீங்க?” ஒரு ஆம்பளைக் குரல்.

“அப்பாவுக்கு ஒடம்பு முடியல, அங்கிள்.”

“ஒடம்பு முடியலயா? இப்பதான் எங்க வீட்டு முன்னால வேன்ல பேசிட்டுப் போறாரு! யாருகிட்ட கத வுடறீங்க?”

லோஷினி போனை வைத்துவிட்டாள். அவள் முகம் சிவந்து போயிருந்தது. மதிவாணன் கண்ணை மூடிக்கொண்டான். வாயிலிருந்த கஞ்சியை விழுங்காமல் அப்படியே வைத்திருந்தான்.

“முழுங்குங்க,” என்றாள் பிரேமலா. “முழுங்குங்கன்றேன்ல!” கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். “சேகரண்ணே, இதுக்கு ஒரு முடிவு சொல்லுங்க. அவரு சாவல, உசுரோட இருக்காரு. தெனம் சாயங்காலம் அவர வேன்ல ஏத்தி ஊர்கோலம் வுடறானுங்க. ஒருத்தன் பொய்க்காரங்கறான், ஒருத்தன் ஏமாத்துக்காரங்கறான். இவரு காதுல விழ விழச் சொல்றானுங்க.”

“போன அணைச்சுப் போட்டுடும்மா.”

“அணைச்சேன். ஒரு நாளு. அன்னைக்குச் சோறே உள்ள போகல இவருக்கு, அந்தப் போனயே பாத்துட்டுக் கெடந்தாரு. நானே திரும்பப் போட்டேன்.”

“நான் சுகுமாறன்கிட்டப் பேசறேன்.”

“நீங்க மூணு தடவ பேசியாச்சு.”

உண்மைதான். மூன்று தடவையும் “பாக்கறேன் அண்ணா, எச்.க்யூ.ல கேட்டுட்டு இருக்கேன்” என்றான். ஒரு பென் டிரைவை வேனிலிருந்து பிடுங்குவதற்கு தலைமை அலுவலகத்தில் என்ன கேட்க வேண்டியிருக்கிறது? வேன் ஓட்டுகிற டாரிலிடமும் கேட்டேன். நல்ல பையன், சிகாமட் ஊர்க்காரன். “அண்ணே, எனக்கும் கேக்கக் கேக்க ஒரு மாதிரியாதான் இருக்கு. பாஸ் சொல்லாம கழட்டுனா எனக்கு வேல போயிடும்ணே” என்றான்.

*

வெள்ளிக்கிழமை சுகுமாறனே வீட்டுக்கு வந்தான். கையில் ஆப்பிள், ஆரஞ்சு அடுக்கிய பழக்கூடை, கண்ணாடிக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி. பின்னால் ஒரு பெண் போட்டோ எடுக்கத் தயாராகப் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். பிரேமலா அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

“அக்கா, மதி அண்ணா எங்க ஃபேமிலி மாதிரி,” என்று ஆரம்பித்தான். மெத்தைப் பக்கம் குனிந்து, “எப்படி இருக்கீங்க அண்ணா?” என்றான். மதிவாணன் விட்டத்தைப் பார்த்தான்.

பிரேமலா நேராகக் கேட்டாள். “அந்தக் குரல எப்ப எடுப்பீங்க?”

“எடுத்துடலாம் அக்கா, கண்டிப்பா. வர்ற ஞாயித்துக்கெழம இங்க பெரிய ரோட்ஷோ வெச்சிருக்கோம், அது முடிஞ்ச உடனே. அதுக்கு ஒரே ஒரு சின்ன ஃபார்மாலிட்டி.” உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். மலாயில் அச்சடித்த சுராட், ஒரு கடிதம். “இதுல ஒரு சைன் போட்டுட்டா, அன்னைக்கே எடுத்துடுவோம்.”

லோஷினி தாளை வாங்கி வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் குரல் உயர்ந்தது. “அப்பா கம்பெனிக்கு வேல செய்யலயாம். யாரும் அவரக் கூப்பிடலயாம். அவரே சொந்த விருப்பத்துல, சொந்தப் பொறுப்புல கூர ஏறினாராம். கம்பெனிமேல எந்தக் கேசும் போட மாட்டோம்னு ஒத்துக்கறோமாம். இதுக்கு அம்மா கையெழுத்துப் போடணுமாம்!”

“அது ஒரு ஸ்டாண்டர்ட் லெட்டர் தங்கச்சி,” என்றான் சுகுமாறன்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. “ஏன் சார், நாப்பது மெசேஜ் அனுப்பினது யாரு? ஒரு வீடு மட்டும் பாத்துடுங்கன்னு கெஞ்சினது யாரு?”

“அண்ணா, நான் ரிக்வெஸ்ட்தான் பண்ணேன், ஆர்டர் போடலயே. ரெக்கார்டிங்க நீங்களே கேளுங்க. ‘கூப்பிடுங்க, வந்து பாத்துத் தர்றேன்’னு அவரேதான் சொல்றாரு. நாங்க எழுதிக் குடுத்த ஸ்கிரிப்ட்ல அது இல்ல. நீங்ககூட அன்னைக்கு அங்கதான் இருந்தீங்க.”

வாய் கூசாமல் சொன்னான். அன்றைக்கு அதே வரிக்குத்தான் கை தட்டினான். அழிக்க வேண்டாம் என்று சொன்ன நாக்குதான் இப்போது இதைச் சொல்கிறது. பளாரென்று ஒன்று விட்டிருப்பேன். லோஷினி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் தாளையும் பேனாவையும் பழக்கூடையின் மேல் வைத்துவிட்டு, பெயர் அட்டையையும் பக்கத்தில் வைத்தான். “யோசிச்சு வைங்க அக்கா. சண்டே நான் இங்கதான் இருப்பேன். கையோட குடுத்துடுங்க, அங்கயே எல்லாருக்கும் முன்னால பென் டிரைவக் கழட்டி உங்ககிட்டக் குடுத்துடறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிரேமலா அந்தத் தாளைக் கையில் எடுத்தாள். குளுவாங்கில் எங்களுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார்: அவர்கள் வேலைக்காகத்தான் இவன் கூரை ஏறினான் என்று காட்டிவிட்டால் வழியிருக்கிறது, எந்தக் காகிதத்திலும் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று. அது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமும் வேன் வந்தது. இந்த முறை மதிவாணன் வாசலுக்கு நேராக வேகத்தைக் குறைத்துக்கொண்டு போனது. டாரில் அப்படிச் செய்கிறவன் இல்லை. யாரோ செய்யச் சொல்லியிருக்க வேண்டும்.

போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

பிரேமலா தரையில் உட்கார்ந்து தாளை முழங்காலில் வைத்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

“அம்மா!” என்றாள் லோஷினி.

“நீ சும்மா இரு. கேசும் வேணாம், ஒன்னும் வேணாம். நான் பை ரொப்பிக் காப்பாத்திக்கிறேன். இவரு ஒரு வாய் நிம்மதியாக் கஞ்சி குடிச்சாப் போதும் எனக்கு.” அவள் அழவில்லை, கோபத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். “எங்க போடணும் கையெழுத்து? காட்டு.”

“வேணாம்.”

யார் பேசியது என்று எனக்கு உடனே விளங்கவில்லை. துருப்பிடித்த கதவு மாதிரி இருந்தது குரல். மெத்தையிலிருந்து மதிவாணன் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“போடாத, பிரேமா. நான் சொன்னேன். சரிதான். என் வாயாலதான் சொன்னேன். ஆனா யாருமே கூப்பிடலன்னு எழுதியிருக்கான் பாரு, அது பொய்யி. அந்தப் பொய்யில நீ கையெழுத்துப் போடக்கூடாது.” இத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் பேசியவன் மாதிரி களைத்துப் போய்க் கொஞ்சம் நிறுத்தினான். பிறகு என்னைப் பார்த்தான். “அண்ணே. கோயில் மைக்கு சாவி உங்ககிட்டத்தானே இருக்கு?”

*

சனிக்கிழமை கோயில் தலைவர் மூர்த்தியிடம் போய்ச் சொன்னேன். அவர் பதறிப்போனார்.

“அலமாக், சேகர்! கோயில் மைக்குல இதெல்லாம் பேசலாமா? அவங்க நம்ம மண்டபத்துக்கு டிவி குடுத்திருக்காங்க லா.”

“அந்த டிவியக் கழட்டி அவன் வேன்லயே ஏத்தி வுட்றேன், தலைவரே. பதினெட்டு வருசம் நம்ம மைக்குல தொண்ட கிழியக் கத்தினவன் கெடக்கறான். ஒரு தடவயாச்சும் போயிப் பாத்தீங்களா?”

அவர் சரி என்று சொல்லவில்லை. சாவி என்னிடம் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் லோஷினியின் போனில் பதிவு செய்தோம். படுத்துக்கொண்டு பேசினால் குரல் வயிற்றிலிருந்து வராது, உட்கார வை என்றான் மதிவாணன். முதுகில் பட்டையைக் கட்டி, நான் பின்னால் உட்கார்ந்து அவனை என் மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். பிரேமலா முன்னால் இரண்டு தோளையும் பிடித்தாள். திருவிழாவுக்கு முன்னால் குடிப்பதுபோலவே வெந்நீரில் பனங்கற்கண்டு போட்டுக் கேட்டான். குடித்தான். வலியில் அவன் உடம்பு நடுங்கியது என் நெஞ்சில் தெரிந்தது. எலும்பும் தோலுமாக, சின்னப் பையன் எடைகூட இல்லை. எனக்குத் துக்கம் வரவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது.

“ஒரே தடவதான் பேசுவேன்,” என்றான் லோஷினியிடம். “நல்லாப் புடி.”

*

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் கோயிலை ஒட்டிய திடலில் கூட்டம். நீலக் கூடாரம், பிள்ளைகள் குதிக்கக் காற்றடைத்த ஊதுபை, இலவச நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், மேடையில் வரிசையாகப் பத்து டிஷ்கள். தூரத்துப் பண்டார் தெங்காராவிலிருந்துகூட ஜனங்கள் வந்திருந்தார்கள். வேனை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, மதிவாணனின் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுகுமாறன் ஒரு கையில் மைக், ஒரு கையில் போன் வைத்துக்கொண்டு அதிர்ஷ்டக் குலுக்கலுக்குத் தயாராக நின்றான்.

பிரேமலா மேடைக்கு நேர் முன்னால் போய் நின்றாள். பக்கத்தில் மலர். அந்தச் சுராட் பிரேமலாவின் கையில் நான்காக மடித்து இருந்தது. அதைப் பார்த்ததும் சுகுமாறன் முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டினான்.

நான் மைக் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டேன். லோஷினி போனை ஆம்பிளிஃபையரில் சொருகினாள். கோயில் கோபுரத்தில் இருக்கிற நான்கு குழாய் ஒலிபெருக்கிகளுக்கும் போகிற சுவிட்சைத் தட்டினேன். திருவிழா அன்றைக்கு வைக்கிற அளவுக்குச் சத்தத்தைத் திருகினேன்.

“அன்பார்ந்த பாலோ வட்டாரப் பொதுமக்களே. தாய்மார்களே.”

அதே குரல். ஆனால் வேகம் இல்லை, எச்சில் விழுங்குகிற சத்தம்கூடக் கேட்டது. திடலில் இருந்தவர்கள் வேனைப் பார்த்தார்கள், பிறகு கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஜன்னல் வழியே எனக்கு எல்லாம் தெரிந்தது.

“நான் கோயில் மைக்கு மதிவாணன் பேசறேன். வேன்ல பேசறதும் நான்தான். அது புரட்டாசி மாசத்துல பேசுனது. இது நேத்து பேசுனது. நீங்க கூப்பிட்டு நான் வரலன்னு கோவமா இருக்கீங்க. என்னால வர முடியல. கம்பெனி அனுப்பிச்ச ஒரு வீட்டுல டிஷ்ஷு சரி பண்ணப் போயி, கூர ஒடஞ்சு வுழுந்துட்டேன். இடுப்புக்குக் கீழ ஒன்னும் இல்ல. இனிமே கூர ஏற முடியாது. உங்ககிட்டச் சொன்ன சொல்லக் காப்பாத்த முடியாமப் போச்சு. மன்னிச்சுக்குங்க.”

யாரோ ஒரு பெண் ‘ஐயோ’ என்றாள். சுகுமாறன் டாரிலைப் பார்த்து வேன் சத்தத்தைக் கூட்டும்படி கையைச் சுழற்றினான். இரண்டு மதிவாணன்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு நிமிஷம், அவ்வளவுதான். டாரில் வேனுக்குள் குனிந்தான். வேன் ஊமையானது. நிமிர்ந்தபோது அவன் கையில் பென் டிரைவ் இருந்தது. இறங்கி வந்து, பாஸ் பக்கம் திரும்பாமல், அதைப் பிரேமலாவிடம் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவள் பதிலுக்கு அந்தத் தாளை எடுத்து, சுகுமாறன் பார்க்கப் பார்க்க, நாலாகக் கிழித்து மேடைமேல் வைத்தாள்.

கோபுரத்திலிருந்து குரல் வந்துகொண்டிருந்தது.

“நான் அவங்க ஆளே இல்லன்னு கம்பெனி சொல்லுது. சரி. அப்ப என் நம்பர மறந்துடுங்க. ஒரு அறிவிப்புன்னா பொறுப்பாளர் பேரும் நம்பரும் இருக்கணும். நான் அன்னைக்குத் தப்பா என் நம்பரச் சொல்லிட்டேன். இப்பத் திருத்திச் சொல்றேன். உங்க டிவில கோளாறு வந்தா, படம் வரலன்னா, மழ பேஞ்சா, பொறுப்பாளர் மேனேஜர் சுகுமாறன். அவரு கார்டுல உள்ள நம்பர் இது. எழுதிக்குங்க.”

நம்பரை இரண்டு முறை சொன்னான். நிறுத்தி, நிதானமாக.

முன்வரிசையில் மலர் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பழைய போனை எடுத்து, சுகுமாறனைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். மேடையில் அவன் கையிலிருந்த போன் அடித்தது. அவன் அதை அணைத்தான். உடனே மறுபடி அடித்தது. கூட்டத்தில் அங்கங்கே ஆட்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவன் மேடையில் இப்படியும் அப்படியும் திரும்பினான். இறங்குவதற்கு ஒரே ஒரு படிதான் இருந்தது, அதன் கீழே பிரேமலா நின்றாள்.

“எடுங்க சார்,” என்றாள். “எடுத்து, ‘இதோ வந்துட்டேன்’னு சொல்லுங்க. கூரயிலேர்ந்து வுழற வரைக்கும் எங்க வீட்டுக்காரரு ஒரு தடவகூட எடுக்காம இருந்ததில்ல.”